உறைகிற எண்ணெய்

தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? இந்தக் கேள்வியைத் தீர்க்க உச்ச நீதிமன்றத்துக்கே பல ஆண்டுகள் பிடித்தன. சேலம் மத்தியக் கலால் ஆணையர் கொண்டுபோன வழக்கு அது. சின்னப் பாட்டிலில் வருகிற எண்ணெயை மக்கள் தலைக்குத்தானே தேய்க்கிறார்கள், அதைக் கூந்தல் தைலம் என்று கணக்கில் எடுத்துக் கூடுதல் வரி போட வேண்டும் என்றது வரித்துறை. 2018இல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு வழக்கை முடித்துவைத்தது. பாட்டில் சிறியது என்பதற்காகச் சமையல் எண்ணெய் தலை எண்ணெய் ஆகிவிடாது; கூந்தல் தைலம் என்று சொல்லி விற்றால்தான் அது கூந்தல் தைலம்.

வரித்துறையின் குழப்பம் நம் எல்லோருடைய குழப்பமும்தான். நாகர்கோவிலுக்கு முதல்முறை போகிற சென்னைக்காரர், "தலைக்குத் தேய்க்கிற எண்ணெயிலயா மீன் பொரிக்கிறீங்க?" என்று கேட்காமல் திரும்புவதில்லை. நல்லெண்ணெயையும் கடலெண்ணெயையும் அடுப்படியில் வைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெயைக் குளியலறைக்கு அனுப்பிய ஊர்களுக்கு, கன்னியாகுமரிச் சமையலின் வாசனை முதலில் தலைமுடியைத்தான் நினைவூட்டும். யாழ்ப்பாணத்துக்காரருக்கோ பாலக்காட்டுக்காரருக்கோ இந்தச் சிக்கலே கிடையாது.

சட்டிக்கும் தலைக்கும் ஒரே எண்ணெய் பொருந்திப்போவதற்கு ஒரு வேதியியல் காரணம் இருக்கிறது. இதய மருத்துவர் அதே எண்ணெயைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கும் பெரும்பாலும் அதே காரணம்தான். அங்கிருந்து தொடங்கலாம்.

எந்தச் சமையல் எண்ணெயானாலும் அதன் மூலக்கூறின் அமைப்பு ஒன்றுதான்: ஒரு கிளிசரால், அதில் தொங்குகிற மூன்று கொழுப்பு அமிலங்கள். கொழுப்பு அமிலம் என்பது ஒரு கார்பன் சங்கிலி. அந்தச் சங்கிலி எவ்வளவு நீளம், அதில் எங்காவது இரட்டைப் பிணைப்பு உண்டா, இந்த இரண்டும்தான் எண்ணெயின் தலையெழுத்து. இரட்டைப் பிணைப்பு வருகிற இடத்தில் சங்கிலி வளைந்துவிடும். நேரான விறகை நெருக்கி அடுக்கலாம், கோணல் விறகு அடுக்கில் நிற்காது. சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி கோணல் சங்கிலிகள். குளிர்பெட்டியில் வைத்தாலும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் இரட்டைப் பிணைப்பே இல்லாத நேர் சங்கிலிகள். இவற்றைத்தான் நிறைவுற்ற கொழுப்பு என்கிறோம். அதிலும் பாதி, 12 கார்பன் மட்டுமே கொண்ட லாரிக் அமிலம். மாட்டுக் கொழுப்பில் இருப்பவை 16, 18 கார்பன் நீளமுள்ளவை. அது உருக 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் நேரானவை என்பதால் உறைகின்றன, குட்டையானவை என்பதால் சீக்கிரம் உருகிவிடுகின்றன. அந்த எல்லைக்கோடு சுமார் 24 டிகிரி செல்சியஸ். மார்கழி விடியலில் நம் ஊர் வெப்பநிலை தாண்டிக் கீழே இறங்குகிற கோடும் அதுதான். ஊட்டியில் ஆண்டின் பெரும்பகுதி கட்டியாகவே இருக்கும்.

உறைவதும் உருகுவதும் எண்ணெயைக் கெடுப்பதில்லை. எத்தனை முறை நடந்தாலும் மூலக்கூறு மாறுவதில்லை. உறைந்தால் சுத்தமான எண்ணெய் என்று குளிர்பெட்டியில் வைத்துப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனை பாதிதான் செல்லும். கடலெண்ணெயோ சூரியகாந்தியோ கலந்திருந்தால் மேலே ஓர் அடுக்கு உறையாமல் நிற்கும், பிடித்துவிடலாம். செம்பனைப் பருப்பு எண்ணெயைக் கலந்திருந்தால் ஒன்றும் தெரியாது. அதுவும் லாரிக் அமிலம் நிறைந்த எண்ணெய், அதுவும் அழகாக உறையும். ஆய்வகத்தில், இரட்டைப் பிணைப்புகளின் அளவைக் காட்டும் அயோடின் எண்ணைப் பார்த்தால்தான் கலப்படம் வெளியே வரும்: தேங்காய் எண்ணெய்க்கு அது 10ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும், செம்பனைப் பருப்பு எண்ணெய்க்கு 14க்கு மேல் போகும்.

இனி, எண்ணெய் கெடுகிற கதை. அது பாட்டிலில் தொடங்குவதில்லை, கொப்பரைக் களத்தில் தொடங்குகிறது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் சாலையோரக் களங்களில் உடைத்த தேங்காய் வெள்ளைவெளேரென்று வெயிலில் காய்வதைப் பார்க்கலாம். புதுத் தேங்காய்ப் பருப்பில் பாதி தண்ணீர். அதை 6 சதவீதம் அளவுக்குக் காயவைத்தால்தான் நல்ல கொப்பரை. காயும் நாட்களில் மழை பிடித்துக்கொண்டால் பருப்பில் பூசணம் பூக்கும். சில களங்களில் பூசணத்தைத் தடுக்கக் கந்தகப் புகை போடுவார்கள். கொப்பரை பார்க்கப் பளிச்சென்றிருக்கும், கந்தக எச்சம் எண்ணெய்க்கும் போகும். "கந்தகம் போடாத கொப்பரை" என்று செக்குக்காரர்கள் பலகை எழுதி வைப்பது அதனால்தான். பூசணத்தில் இன்னொரு அபாயமும் உண்டு. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும். நீண்ட காலம் உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியது. எண்ணெயின் தரத்தைச் செக்கு மரமா இரும்பா என்பதைவிடக் கொப்பரையின் ஈரம்தான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. நல்ல கொப்பரையை இரும்பு இயந்திரத்தில் ஆட்டினாலும் நல்ல எண்ணெய் வரும். பூத்த கொப்பரையை வாகைமரச் செக்கில் ஆட்டி என்ன பயன்?

எண்ணெய் கெட்டுப்போவதற்கு இரண்டு வழிகள். ஒன்று ஆக்சிஜன். அது இரட்டைப் பிணைப்பைத் தேடிப் பிடித்து உடைக்கும். வெளிச்சமும் இரும்பு, செம்பு போன்ற உலோகங்களும் அந்த வேலையை வேகப்படுத்தும். தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு கொஞ்சம்தான் என்பதால் ஆக்சிஜனுக்கு அதிக வேலை இல்லை. மற்ற எண்ணெய்கள் காறிப்போன பிறகும் இது தாங்குவதன் காரணம் அது. இரண்டாவது வழி தண்ணீர். லைப்பேஸ் என்ற நொதியும் பூஞ்சைகளும் ஈரத்தின் துணையோடு கிளிசராலிலிருந்து கொழுப்பு அமிலங்களை அறுத்துவிடுகின்றன. அறுபட்ட லாரிக் அமிலம் நாக்கில் சோப்புப் போலப் படும். அதைவிடக் குட்டைச் சங்கிலிகள் ஆட்டுவாடை அடிக்கும். பூஞ்சைகள் இன்னும் ஒரு படி போய் அவற்றைக் கீட்டோன்களாக மாற்றும். பழைய தேங்காய் எண்ணெயில் வருகிற, மூக்கில் குத்துகிற அந்தத் தனி வாடை இதுதான். மற்றப் பெரும்பாலான எண்ணெய்களில் இது அவ்வளவாக வராது, ஏனென்றால் அவற்றில் இந்தக் குட்டைச் சங்கிலிகள் இல்லை.

ஆக, இந்த எண்ணெய்க்கு ஈரம்தான் முதல் எதிரி. அப்படியிருக்க நாம் அதை எங்கே வைக்கிறோம்? குளியலறை அலமாரியில். வீட்டிலேயே அதிக ஈரப்பதம் உள்ள இடம் அதுதான். வாய் அகன்ற டப்பா, ஈரக் கை, மூடாத மூடி. குளிர்காலத்தில் கட்டியான எண்ணெயை விரலால் தோண்டி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் துளித் தண்ணீரும் அழுக்கும் உள்ளே போகின்றன. தலைக்கு வைத்துக்கொள்ள 50 மில்லி, 100 மில்லி பிடிக்கிற சின்னப் பாட்டில் போதும். தீர்ந்ததும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டு மறுபடி நிரப்பலாம். காயாத பாட்டிலில் ஊற்றினால் கழுவியதே வினை.

பெரிய இருப்பை அடுப்படியிலேயே, அடுப்புக்குத் தள்ளி, வெளிச்சம் படாத அலமாரியில் வைக்க வேண்டும். எவர்சில்வர் தூக்கு, பீங்கான் ஜாடி, நிறக் கண்ணாடிப் பாட்டில் எல்லாம் நல்லவை. ஈயம் பூசாத பித்தளை, செம்பு, துருப்பிடிக்கிற தகரம் வேண்டாம். கழுத்து வரை நிரப்பி வைத்தால் உள்ளே காற்று குறையும். பெரிய டின்னைத் தினமும் திறந்து மூடுவதைவிட, மாதத்துக்கு வேண்டியதைப் பிரித்துக்கொள்வது மேல். பழைய எண்ணெய் அடியில் கொஞ்சம் இருக்கும்போதே அதன் மேல் புதுசை ஊற்றுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பழையதில் ஆக்சிஜனால் உருவான பெராக்சைடுகள் புதிய எண்ணெயிலும் கெட்டுப்போகிற சங்கிலிவினையைத் தொடங்கிவைக்கும் என்பதால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். உறைந்த பாட்டிலைக் காலையில் வெயிலில் வைப்பதும் வேண்டாம், வெளிச்சம் படும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மூடியோடு நிறுத்தினால் சில நிமிடங்களில் இளகிவிடும்.

சுத்திகரித்த எண்ணெய் ஒன்றரை ஆண்டு வரை கெடாமல் இருக்கும். செக்கு எண்ணெயை ஆறு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. அதில் மிஞ்சியிருக்கும் ஈரமும் பருப்புத் துகளும் வேலையைக் காட்டிவிடும். வாங்கி வந்ததும் இரண்டு நாள் ஆடாமல் வைத்து, மண்டியை அடியில் விட்டுத் தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொண்டால் ஆயுள் கூடும். வீட்டில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய்க்கும் இதுவே விதி. சடசடப்பு முழுக்க அடங்கும்வரை காய்ச்சாவிட்டால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். 2025இல் விலை லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியபோது டின் டின்னாக வாங்கி அடுக்கியவர்கள் உண்டு. காறிப்போன எண்ணெயைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் இல்லை. விளக்கேற்றலாம், சோப்புக் காய்ச்சலாம்.

அடுப்பில் இது எப்படி நடந்துகொள்கிறது? சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் சுமார் 175 டிகிரியில் புகையத் தொடங்கும். சுத்திகரித்தது 200ஐத் தாண்டியும் தாங்கும். பொரிப்பதற்கு 170 முதல் 190 டிகிரி வேண்டும். ஆகவே செக்கு எண்ணெயில் தாளிக்கலாம், வதக்கலாம், மிதமான தீயில் அப்பளம் பொரிக்கலாம். சட்டி நிறைய ஊற்றி மணிக்கணக்கில் பலகாரம் போடுவதற்கு அது ஏற்றதல்ல. இதை வேறு எண்ணெயோடு கலந்து பொரிக்கவும் கூடாது. குட்டைச் சங்கிலி எண்ணெயும் நீளச் சங்கிலி எண்ணெயும் சூட்டில் சேர்ந்தால் நுரை பொங்கி வழியும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: எண்ணெய் சிதைவதால் உருவாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும். 2018 ஜூலை முதல் இது சட்டம். வீட்டில் அளக்க முடியாது. கருத்து, கெட்டியாகி, வழக்கத்துக்கு முன்பே புகைகிற எண்ணெயை அதற்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

நேந்திரங்காய் சிப்ஸ் பல வாரம் காறாமல் இருப்பது இந்த எண்ணெயின் நிறைவுற்ற குணத்தால். அவியலை இறக்கும்போது பச்சை எண்ணெயை ஊற்றிக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு மூடுகிறார்களே, அதிலும் விஷயம் உண்டு. தேங்காய் வாசனை லாக்டோன்கள் என்ற சேர்மங்களிலிருந்து வருவது. அவை சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும். முதலிலேயே ஊற்றிக் காய்ச்சினால் கொழுப்பு மிஞ்சும், மணம் போய்விடும்.

இப்போது இதயம். இந்த இடத்தில் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்று கத்துகின்றன. ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் 2018இல் பேசிய கரின் மிஷெல்ஸ் என்ற பேராசிரியர் இதைச் சுத்த விஷம் என்றார். மறுபக்கம், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடித்தால் எடை குறையும், மறதி நோய் தீரும் என்கிறார்கள். இரண்டுமே மிகை.

முதலில் கணக்கு. 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு நிறைவுற்ற கொழுப்பு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது சுமார் 22 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 2 லிட்டர் தேங்காய் எண்ணெய் மட்டுமே செலவானால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 கிராம் எண்ணெய், அதில் 13 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. மிச்சமிருக்கிற 8, 9 கிராமுக்குள் பால், தயிர், நெய், இறைச்சி, தேங்காய்ச் சட்னி எல்லாம் அடங்க வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் நெருக்கடிதான். அதற்கு மேல் காலையில் இரண்டு மேசைக்கரண்டி குடித்தால் அந்த ஒரு மடக்கிலேயே நாள் கணக்கு முடிந்துவிடுகிறது.

எடை குறையும் என்ற பேச்சு வேறொரு எண்ணெயிலிருந்து கடன் வாங்கியது. நடுத்தரச் சங்கிலி எண்ணெய் என்று ஒன்றைத் தனியாகத் தயாரிக்கிறார்கள். அதில் 8, 10 கார்பன் சங்கிலிகள் மட்டுமே இருக்கும். அவை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடுகின்றன. நல்ல முடிவுகள் வந்தது அந்த எண்ணெயை வைத்து நடந்த ஆய்வுகளில். தேங்காய் எண்ணெயில் அந்தச் சங்கிலிகள் ஏறக்குறைய 15 சதவீதம்தான். 12 கார்பன் லாரிக் அமிலத்தை வேதியியலார் நடுத்தரம் என்று வகைப்படுத்தினாலும், உடம்பு அதன் பெரும்பகுதியை நீளச் சங்கிலிபோலவே நிணநீர் வழியாக எடுத்துச் செல்கிறது. மறதி நோய் தீரும் என்பதை நம்பகமான எந்த மருத்துவப் பரிசோதனையும் நிரூபிக்கவில்லை.

கொலஸ்ட்ரால் விஷயத்தில் சான்றுகள் ஓரளவு தெளிவு. 2020இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சூரியகாந்தி, சோயா, ஆலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் கெட்டது எனப்படும் எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராமும், நல்லது எனப்படும் எச்டிஎல்லைச் சுமார் 4 மில்லிகிராமும் உயர்த்தியது. எச்டிஎல் கூடியதால் தீமை சமனாகிவிடும் என்று ஆறுதல் கொள்ள முடியாது. மருந்து கொடுத்து எச்டிஎல்லை உயர்த்திய பெரிய சோதனைகள் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையவில்லை. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. கேம்பிரிட்ஜ் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வாரம் தினமும் 50 கிராம் உண்டவர்களுக்கு எல்டிஎல் ஆலிவ் எண்ணெய்க் குழுவை விடக் கூடவில்லை. கொச்சியில் ஏற்கெனவே இதய நோயுள்ள 200 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேங்காய் எண்ணெய், மறுபாதிக்குச் சூரியகாந்தி என்று இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வந்த அந்த முடிவில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பசிபிக் தீவுகளின் கதையை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். டோக்கெலாவ் தீவினர் தம் கலோரியில் 63 சதவீதத்தைத் தேங்காயிலிருந்தே பெற்றார்கள், ஆனாலும் இரத்தநாள நோய் அரிது என்று 1981இல் ஓர் ஆய்வு வந்தது. உண்மைதான். அவர்கள் தின்றது தேங்காயை, நார்ச்சத்தோடு. கூடவே நிறைய மீன். நாளெல்லாம் உடலுழைப்பு. நாம் அந்தத் தீவிலிருந்து எண்ணெயை மட்டும் எடுத்துவந்து பரோட்டாவில் ஊற்றுகிறோம்.

என் தீர்ப்பு இது. பரம்பரையாகத் தேங்காய் எண்ணெயில் சமைக்கிறவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ ஒன்றையும் சேர்த்துச் சுழற்சியில் வைத்துக்கொள்ளலாம். எல்டிஎல் கூடியவர்கள், இதய நோய் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யட்டும். மருந்தாக எண்ணிக் குடிப்பதற்கு யாருக்கும் காரணம் இல்லை.

தலைமுடியில் இந்த எண்ணெயின் புகழ் நியாயமானது. 2003இல் மும்பையிலிருந்து வந்த ஓர் ஆய்வு கனிம எண்ணெய், சூரியகாந்தி, தேங்காய் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வகத்தினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் காரணம் பொருந்திவருகிறது. குட்டையான, நேரான லாரிக் அமிலம் முடித் தண்டுக்குள் நுழைந்து புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கோணல் சங்கிலி வெளியிலேயே நின்றுவிடும். தண்ணீர் பட்டால் முடி உப்பும், காய்ந்தால் சுருங்கும். இப்படி மாறி மாறி நடப்பதால் வரும் சேதத்தை உள்ளே புகுந்த எண்ணெய் குறைக்கிறது. ஆகவே குளிக்கப் போவதற்குச் சில மணி நேரம் முன்பு தேய்ப்பதுதான் அதிகப் பலன். முடி வளர்க்கும் என்பது விளம்பரம். பொடுகு இருப்பவர்கள் எண்ணெய் தேய்த்தால் பொடுகு அடங்கியதுபோல் தோன்றும், செதில் ஒட்டிக்கொண்டதால். பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சை கொழுப்பு அமிலங்களைத் தின்றே வாழ்வது. 12 கார்பன் சங்கிலியும் அதன் உணவுப் பட்டியலில் உண்டு.

தோலுக்கும் நல்ல சான்று இருக்கிறது, முக்கியமாகப் பிலிப்பைன்ஸிலிருந்து. கரப்பான் எனப்படும் ஒவ்வாமைத் தோல் அழற்சி உள்ளவர்களிடம் 2008இல் நடந்த சோதனையில், உருக்கெண்ணெய் தடவிய 20 பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்களின் தோலிலிருந்து ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா மறைந்தது. ஆலிவ் எண்ணெய் தடவிய 12 பேரில் பாதிப்பேருக்கு அது நீடித்தது. சிறிய ஆய்வுதான். 2014இல் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் பார்த்தபோது கனிம எண்ணெயைவிட இது தோலின் வறட்சியையும் அழற்சியையும் நன்றாகக் குறைத்தது. குளித்ததும் தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே மெல்லப் பூசினால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும். பருவுள்ள முகத்துக்கு வேண்டாம், துளைகளை அடைக்கும். வெயிலைத் தடுக்கும் பூச்சாக இதை நம்பவும் கூடாது. ஆய்வகக் கருவியில் அதற்குக் கிடைத்த காப்பு எண் ஏறக்குறைய 7 மட்டுமே.

இன்னொன்று. சுட்டுக்கொண்ட கையில் உடனே தேங்காய் எண்ணெயைத் தடவுகிற வழக்கம் நம் அடுப்படிகளில் இன்னும் இருக்கிறது. எண்ணெய்ப் படலம் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். தீப்பட்ட இடத்தை 20 நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.